மருந்துச் சீட்டின் நான்கு வரிகள்

முதல் கீமோ முடிந்து தங்கையை வீட்டுக்கு அழைத்து வந்த மாலையில், மருந்தகத்தில் கொடுத்த நான்கு பழுப்பு உறைகள் என் கைப்பையில் இருந்தன. ஒவ்வோர் உறையின் மேலும் பேனாவால் 1-0-0 என்றோ 0-0-1 என்றோ எழுதியிருந்தார்கள். உள்ளே இருந்த மாத்திரை அட்டைகளைத் தேவையான எண்ணிக்கைக்குக் கத்தரித்துக் கொடுத்திருந்ததால், ஓர் அட்டையில் மருந்துப் பெயரின் கடைசிச் சில எழுத்துகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. காலாவதித் தேதி இருந்த பகுதி வேறு யாரோ ஒருவரின் உறைக்குள் போயிருக்க வேண்டும். அடுத்த மூன்று நாள்களில் நாங்கள் செய்த பிழைகளுக்கெல்லாம் அந்த உறைகளை நான் ஒழுங்காகப் படிக்காததே தொடக்கம்.

தங்கைக்கு அப்போது 29 வயது. மார்பகப் புற்றுநோய். டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு ஆகிய இரண்டும் சேர்ந்த கீமோ நான்கு சுற்று, அதன் பிறகு வாராவாரம் பாக்ளிடாக்சல் என்று திட்டமிட்டிருந்தார்கள். முன்தடுப்பு மருந்து எதுவும் கொடுக்காவிட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் வாந்தி எடுக்கக்கூடிய சிகிச்சைகளின் வகையில் இந்த முதற்கூட்டு வருகிறது. ஆகவே டே கேர் அறையில் கீமோவுக்கு முன்னரே பாலோனோசெட்ரான், ஃபோஸ்அப்ரெபிடன்ட், டெக்ஸாமெதசோன் ஆகியவற்றை நரம்பு வழியாக ஏற்றினார்கள். வீட்டுக்கு எழுதிக் கொடுத்த சீட்டில் நான்கு வரிகள்: காலையில் டெக்ஸாமெதசோன் மூன்று நாள், இரவில் ஓலான்சபின் நான்கு நாள், வெறும் வயிற்றில் பாண்டோபிரசோல், மூன்றாம் நாளிலிருந்து தேவைப்பட்டால் மட்டும் ஆண்டான்செட்ரான்.

இதில் இரண்டு வரிகளை நாங்களே அடித்துவிட்டோம். டெக்ஸாமெதசோன் ஸ்டீராய்டு என்பதைக் கேட்டதும் சித்தி பதறினார். முகம் வீங்கும், எலும்பு தேயும் என்று அவர் அறிந்த ஒருவரின் கதையைச் சொன்னார். ஓலான்சபின் என்ற பெயரைக் கைப்பேசியில் தட்டிப் பார்த்தது நான்தான். மனச்சிதைவு நோய்க்கான மருந்து என்று முதல் வரியிலேயே வந்தது. ‘வாந்திக்கு எதற்கு மனநோய் மாத்திரை, கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டாரோ’ என்று அஞ்சி, கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என எடுத்து வைத்தேன். கேட்கவில்லை. எங்களுக்குப் பழகிய பெயர் ஆண்டான்செட்ரான். குழந்தைக்கு வயிறு சரியில்லாதபோதுகூடக் கொடுத்திருக்கிறோம். எனவே மூன்றாம் நாள் என்று எழுதியிருந்ததைப் பொருட்படுத்தாமல், முதல் இரவிலிருந்தே எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என அதைக் கொடுக்கத் தொடங்கினோம். பயந்த மருந்தை நிறுத்தி, பழகிய மருந்தைக் கூட்டினோம் என்பதுதான் நடந்தது.

மூன்றாம் நாள் மாலையிலிருந்து அவளால் தண்ணீரைக்கூட உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை. வயிற்றில் ஒன்றும் இல்லாமல் பித்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லாமல் வெறும் ஓங்கரிப்பு. இரவு ஒன்பது மணிக்குத் தெருமுனையில் இருந்த கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். அங்கே ‘வாந்தி ஊசி’ ஒன்று போட்டார்கள். (அதை வரவழைக்கும் ஊசியா, நிறுத்தும் ஊசியா என்று தமிழ் புதிதாகக் கற்கும் ஒருவர் கேட்டால் பதில் சொல்வது கடினம்.) கீமோ நடக்கிறது என்று நான் சொன்னேன். என்னென்ன மருந்து ஏற்கெனவே ஏறியிருக்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, ஊசியின் பெயரையும் எழுதி வாங்கவில்லை.

வீடு திரும்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். தாடை இறுகுகிறது என்றாள். பேச்சு குழறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழுத்து இடப்பக்கமாக முறுக்கிக்கொண்டு நின்றது. கருவிழிகள் மேலேறி, அவள் முயன்றும் கீழே இறங்க மறுத்தன. நினைவு தப்பவில்லை என்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமை: நான் கேட்பதெல்லாம் அவளுக்குப் புரிந்தது, கை விரலை அழுத்திப் பதில் சொன்னாள். வலிப்பு என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். மூளைக்குப் பரவிவிட்டது என்றே அம்மா முடிவு செய்துவிட்டார்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் அவளைப் பார்த்த மாத்திரத்தில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “வாந்திக்கு என்ன ஊசி போட்டீங்க?” கிளினிக்குக்குத் தொலைபேசியில் பேசியபோது மெட்டோகுளோப்ரமைடு என்று தெரிந்தது. புரோமெதசின் ஊசி ஒன்று போட்டார். கால் மணி நேரத்துக்குள் கண் இறங்கியது, கழுத்து தளர்ந்தது, “அக்கா, தண்ணி” என்றாள். பொட்டாசியம் குறைந்திருந்ததால் அதற்கான ட்ரிப்ஸ் போட்டு, மறுநாள் மாலைதான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். கணக்கு எழுதுவது என் தொழில். ஆனால் அந்த இரவுக்குப் பிறகு, எங்கள் புற்றுநோய் மருத்துவரிடமும் டே கேர் செவிலியர்களிடமும் மருந்தாளுநரிடமும் ஒவ்வொரு வரியாகக் கேட்டும், மருந்துடன் வரும் துண்டுத் தாள்களையும் ஒழுங்குமுறை அமைப்புகளின் அறிவிப்புகளையும் படித்தும் புரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பது அவரவர் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. கேட்க வேண்டிய கேள்விகள் எவை என்பதையாவது என்னைப் போன்ற துணையாளர்கள் தெரிந்துவைத்திருக்கலாம்.

வாந்தி என்பது வயிற்றின் வேலை என்றே நான் எண்ணியிருந்தேன். கீமோவுக்குப் பின் வரும் வாந்திக்குக் குறைந்தது மூன்று வழிகள் இருக்கின்றன. மருந்து ஏறிய முதல் நாளில் குடலின் உட்சுவரிலிருந்து செரோட்டோனின் வெளிப்பட்டு, வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. ஆண்டான்செட்ரான், கிரானிசெட்ரான், பாலோனோசெட்ரான் ஆகியவை இந்த வழியை மறிக்கின்றன. இரண்டாம் நாளுக்கு மேல் வரும் தாமத வாந்தியில் மூளைக்குள் சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருளின் பங்கு பெரிது. அப்ரெபிடன்ட் வகை அதைத் தடுக்கிறது. டோபமின் வழியாகவும் வாந்தி தூண்டப்படுகிறது. மெட்டோகுளோப்ரமைடு, டோம்பெரிடோன், புரோகுளோர்பெரசின் எல்லாம் அந்த வாசலில் நிற்பவை. ஓலான்சபின் ஒரே நேரத்தில் பல வாசல்களை அடைக்கிறது. வாந்தியைவிடக் குமட்டலை அடக்குவதில் அது கெட்டிக்காரன். மனநோய்க்கான மருந்து என்று நான் ஒதுக்கி வைத்த மாத்திரை, தங்கையின் மூன்றாம் நாளைக் காப்பாற்ற எழுதப்பட்டிருந்த மாத்திரை.

நாங்கள் கூட்டிக் கொடுத்த ஆண்டான்செட்ரான் ஏன் உதவவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. பாலோனோசெட்ரான் அதே வகையைச் சேர்ந்தது. உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 40 மணி நேரம் ஆகும். அது ஏற்கெனவே அடைத்து வைத்திருக்கும் வாசலில் இன்னோர் ஆளைக் கொண்டுபோய் நிறுத்துவதால் வாந்தி குறைவதில்லை. தலைவலியும் மலச்சிக்கலும்தான் கூடுகின்றன. சீட்டில் ‘மூன்றாம் நாளிலிருந்து’ என்று எழுதியதற்குக் காரணம் இதுதான். நான்கு நாள் மலம் போகாமல் வயிறு உப்பி, அந்த உப்பலாலேயே மீண்டும் குமட்டி, அதற்கு மீண்டும் ஆண்டான்செட்ரான் போட்டுக்கொண்டவர்களை டே கேர் அறையில் பிறகு நிறையவே பார்த்தேன்.

மலச்சிக்கலைவிடக் கவனிக்க வேண்டியது இதயம். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயத் தசை மின்னியல் அளவில் பழைய நிலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தை இசிஜியில் க்யூடி இடைவெளி என்று அளக்கிறார்கள். அது மிகவும் நீண்டுவிட்டால் துடிப்பு தாறுமாறாகி, அரிதாக உயிருக்கே ஆபத்தாகலாம். ஆண்டான்செட்ரான் அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டு அனுமதி பெற்றது. கீமோ என்றால் வாந்திப் பாத்திரம் என்றிருந்த நிலையை மாற்றிய மருந்து அது. இருபது ஆண்டு கழித்து, 2012ஆம் ஆண்டில், ஒரே தவணையாக 32 மில்லிகிராம் ஊசியாக ஏற்றும்போது க்யூடி இடைவெளி சராசரியாக 20 மில்லிசெகண்டு வரை நீள்வதாகவும், 8 மில்லிகிராமில் அது 6 மில்லிசெகண்டாகவே இருப்பதாகவும் ஆய்வில் தெரிந்ததும், அந்நாட்டு மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 32 மில்லிகிராம் தவணையைக் கைவிடச் சொன்னது. நரம்பு வழியாக ஒரு தவணைக்கு 16 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றது. வாய்வழி மாத்திரையின் அளவில் அப்போது மாற்றம் எதுவும் செய்யவில்லை. பிரிட்டனில் 2013ஆம் ஆண்டு, 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு முதல் ஊசித் தவணை 8 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று அறிவித்தார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த டோலாசெட்ரான் ஊசியைக் கீமோ வாந்திக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று 2010ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் சொல்லிவிட்டிருந்தார்கள். பாலோனோசெட்ரானுக்கு இந்தக் குறை பெரிதாகக் காணப்படவில்லை.

இதைப் படித்துவிட்டு ஆண்டான்செட்ரானைக் கண்டு நடுங்கத் தேவையில்லை. எழுதிக் கொடுத்த அளவில், வேறு இடர் இல்லாதவர்களுக்கு அது நன்கு பழகிய மருந்து. ஆபத்து கூட்டுச் சேர்க்கையில் வருகிறது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் வெளியேற்றுகின்றன. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து சிறுநீரகத்தின் வழியாகவும் அவற்றை இழக்கச் செய்கிறது. அவை குறைந்த உடலில் க்யூடி எளிதில் நீளும். அந்த நேரத்தில் அஸித்ரோமைசின், லெவோஃபிளாக்ஸசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள், எஸிடாலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகள், ஃபுளூகொனசோல் என்று மேலும் ஒன்று சேர்ந்தால் கணக்கு மாறிவிடுகிறது. எல்லா மருந்துகளையும் ஒரே மருத்துவர் எழுதினால் அவர் கண்ணுக்குப் படும். வீட்டுக்கு அருகில் ஒருவர், பல்லுக்கு ஒருவர், புற்றுநோய்க்கு ஒருவர் என்று சீட்டுகள் சிதறிக் கிடக்கும்போது இந்தக் கூட்டலைச் செய்யும் ஆள் நோயாளியின் வீட்டில் இருப்பவர்தான்.

எங்களுக்கு இது மூன்றாம் சுற்றின்போது வந்தது. வாயில் வெள்ளை படிந்து, எதை விழுங்கினாலும் எரிகிறது என்றாள். அருகிலிருந்த மருத்துவர் ஃபுளூகொனசோல் எழுதினார். அவர் செய்ததில் பிழை சொல்ல முடியாது, அது பூஞ்சைத் தொற்றுக்கான மருந்துதான். இம்முறை சீட்டைப் படம் பிடித்து டே கேர் எண்ணுக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் திரும்ப அழைத்தார்கள். முதலில் ஓர் இசிஜியும் பொட்டாசியம் அளவும் பார்த்துவிட்டு வரச் சொல்லி, அதுவரை வாயில் தடவும் குளோட்ரிமசோல் போதும் என்றார்கள். தடவியதிலேயே ஐந்து நாளில் சரியாகிவிட்டது.

இதே கணக்கில் சேர்க்க வேண்டிய, ஆனால் யாரும் மருந்தாகவே எண்ணாத ஒன்று நம் ஊர்களில் உண்டு. அது கேஸ் மாத்திரை. பாண்டோபிரசோல் அல்லது ரபெப்ரசோல் என்ற பெயருக்குப் பின்னால் ‘டி’ என்றோ ‘டிஎஸ்ஆர்’ என்றோ இருந்தால், உள்ளே டோம்பெரிடோன் இருக்கிறது என்று பொருள். டிஎஸ்ஆர் வகைகளில் பெரும்பாலும் 30 மில்லிகிராம். ஐரோப்பிய மருந்து அமைப்பு 2014ஆம் ஆண்டு, இதயத் துடிப்புக் கோளாறு காரணமாகப் பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்சவரம்பாக வைத்தது இதே 30 மில்லிகிராமைத்தான். அதுவும் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்ற குறிப்போடு. 1980களில் டோம்பெரிடோன் ஊசியாகவும் கிடைத்தது. கீமோ பெற்ற நோயாளிகளுக்கு உயர்ந்த அளவில் அதை நரம்பில் ஏற்றியபோது இதயத் துடிப்புக் கோளாறுகளும் திடீர் மரணங்களும் நேர்ந்ததால்தான் அந்த ஊசி சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. எங்கள் சீட்டில் மருத்துவர் எழுதியிருந்தது வெறும் பாண்டோபிரசோல். கடையில் இருப்பு இல்லை என்று ‘டி’ சேர்ந்ததை ஒருமுறை கொடுத்தார்கள், இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி. ஒன்றல்ல.

தங்கைக்கு நேர்ந்ததன் மருத்துவப் பெயர் டிஸ்டோனியா. மெட்டோகுளோப்ரமைடு மூளையில் டோபமினைத் தடுக்கும்போது, அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியும் சேர்ந்து தடுமாறுகிறது. வழக்கமான அளவில் ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இது வரலாம் என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. குழந்தைகளுக்கும் 30 வயதுக்குக் கீழானவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், சரியான ஊசியில் உடனே அடங்கும் ஒன்று இது. நீண்ட காலம் தொடர்ந்து எடுத்துக்கொண்டால் வாய், நாக்கு, தாடை தானாக அசைந்துகொண்டே இருக்கும் நிலை வரக்கூடும். அது மருந்தை நிறுத்திய பின்னும் நீங்காமல் போகலாம் என்பதால், 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் பெட்டியிட்டு அச்சிட வைத்தார்கள். ஐரோப்பாவில் 2013ஆம் ஆண்டு, நாளொன்றுக்கு 30 மில்லிகிராம், அதிகபட்சம் ஐந்து நாள் என்று வரையறுத்தார்கள். நரம்பில் போடுவதானால் குறைந்தது மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாகப் போட வேண்டும். இத்தனைக்கும் ஆண்டான்செட்ரான் வருவதற்கு முன், 1980களில், சிஸ்பிளாட்டின் வாந்திக்கு உயர்ந்த அளவு மெட்டோகுளோப்ரமைடுதான் பெரிய நம்பிக்கையாக இருந்தது. இன்றும் அது பயனற்ற மருந்தல்ல. ஆனால் ஓலான்சபின் எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அதையோ புரோகுளோர்பெரசினையோ மேலே சேர்ப்பது ஒரே வகைப் பக்கவிளைவை இரட்டிப்பாக்கும் என்பதால் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். நான் அன்றிரவு ஓலான்சபினைக் கொடுத்திருந்தால் கிளினிக்குக்கே போயிருக்க மாட்டோம். கொடுத்துவிட்டும் போயிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கலாம்.

இரண்டாம் சுற்றில் ஓலான்சபினை எழுதியபடி கொடுத்தோம், 5 மில்லிகிராம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. குமட்டல் ஏறத்தாழ இல்லவே இல்லை. ஆனால் மறுநாள் பகல் பதினொரு மணிக்கும் அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. மூன்று வயது மகன் வந்து இமையை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனான். விடியற்காலையில் கழிவறைக்கு எழுந்தவள் தள்ளாடிக் கதவைப் பிடித்துக்கொண்டதிலிருந்து, அந்த நான்கு இரவுகளும் அம்மா அவள் அறையிலேயே படுத்தார். இந்தத் தூக்கம் ஓலான்சபினின் நன்கறிந்த குணம். முதலில் பெரிய ஆய்வுகள் 10 மில்லிகிராமை வைத்துத்தான் நடந்தன. 2016ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு அதில் முக்கியமானது. பிறகு ஜப்பானில் 5 மில்லிகிராமை இரவு உணவுக்குப் பின் கொடுத்துப் பார்த்து நல்ல பலன் கண்டார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்து 2024ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், 2.5 மில்லிகிராம் வாந்தியைக் கட்டுப்படுத்துவதில் 10 மில்லிகிராமுக்குக் குறைந்ததல்ல என்றும், பகல்நேரத் தூக்கம் கணிசமாகக் குறைவு என்றும் தெரிந்தது. நம் நாட்டு நோயாளிகளிடம் கேட்கப்பட்ட நல்ல கேள்வி அது என்பது என் எண்ணம்; பக்கவிளைவைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதை விட்டு, அளவையே கேள்வி கேட்டார்கள். மருத்துவரிடம் தூக்கத்தைப் பற்றிச் சொன்னதும், மூன்றாம் சுற்றிலிருந்து 2.5 ஆக்கினார். அவள் பதினொரு மணிக்கு எழுந்தவள் எட்டரைக்கு எழுந்தாள். வண்டி ஓட்ட வேண்டாம் என்ற தடை மட்டும் அந்த நாள்களில் தொடர்ந்தது.

சித்தி பயந்த டெக்ஸாமெதசோனைப் பற்றி: அவர் சொன்ன வீக்கமும் எலும்புத் தேய்வும் மாதக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வருபவை, ஒவ்வொரு சுற்றிலும் மூன்று நான்கு நாள் எடுப்பதற்கும் அதற்கும் தொலைவு அதிகம். ஆனால் குறுகிய நாள்களுக்கும் உரிய தொல்லைகள் உண்டு. இரவில் எடுத்தால் தூக்கம் கெடும், ஆகவே காலையில், சாப்பிட்ட பின். வேகமாக நரம்பில் ஏற்றினால் இடுப்புக்குக் கீழே சில நொடிகள் தாங்க முடியாத அரிப்பும் எரிச்சலும் வரும். முன்கூட்டியே யாரும் சொல்லாததால் முதல்முறை தங்கை அதை வெட்கத்தில் செவிலியரிடம்கூடச் சொல்லவில்லை. காய்ச்சலை மூடி மறைக்கும் என்பது இன்னொன்று. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கோ இதுதான் எல்லாவற்றிலும் பெரிய இடர். அடுத்த கட்டிலில் சிஸ்பிளாட்டின் ஏற்றிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், வாந்தி இல்லை, ஆனால் தாகம் தாங்கவில்லை என்று மூன்று நாள் வீட்டில் இளநீராகக் குடித்துத் தள்ளியிருக்கிறார். மறுவாரம் வந்தபோது குளுக்கோமீட்டரில் 412. அவர் மகன் அந்த எண்ணை இரண்டு முறை படித்துப் பார்த்தார். அதன் பின் அவருக்கு ஸ்டீராய்டு அளவைக் குறைத்து, அந்த நாள்களில் மட்டும் இன்சுலினைக் கூட்டி, ஒரு நாளைக்கு நான்கு முறை விரலில் குத்திப் பார்க்கச் சொன்னார்கள். ஓலான்சபினும் சர்க்கரையை ஏற்றக்கூடியது என்பதால், இரண்டும் சேரும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

அப்ரெபிடன்ட் வகையின் சிக்கல் வேறு மாதிரியானது. அது தானாகச் செய்யும் தொல்லை குறைவு. களைப்பு, விக்கல் அவ்வளவுதான். ஆனால் கல்லீரலில் மற்ற மருந்துகள் கரையும் வேகத்தை அது மாற்றிவிடுகிறது. டெக்ஸாமெதசோனின் அளவு உடலில் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பதால்தான், அப்ரெபிடன்டுடன் சேர்க்கும்போது முதல் நாள் 20 மில்லிகிராமுக்குப் பதில் 12 கொடுக்கிறார்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அந்த மருந்தின் பலன் குறையலாம். ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும், குறிப்பாக ஏழாம் நாள் முதல் பத்தாம் நாளுக்குள், ஐஎன்ஆர் என்ற இரத்த உறைவுப் பரிசோதனை பார்க்க வேண்டும். கருத்தடை மாத்திரைகளின் பலனையும், கடைசித் தவணைக்குப் பின் 28 நாள் வரை, அது குறைத்துவிடும். மார்பகப் புற்றுநோயில் அந்த மாத்திரைகளையே நிறுத்திவிடுவார்கள் என்பதால் தங்கைக்கு இது பொருந்தவில்லை. ஆனால் வேறு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் இளம்பெண்களிடம் இதை யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஊசி வடிவமான ஃபோஸ்அப்ரெபிடன்ட், டாக்ஸோரூபிசின் ஏறும் அதே கை நரம்பில் போகும்போது நரம்பு சிவந்து வலிப்பது கூடுதல். முதல் சுற்றுக்குப் பின் தங்கையின் முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு சிவந்த கோடு இருந்தது. அடுத்த சுற்றிலிருந்து 125, 80, 80 என்று மூன்று நாளைக்கான கேப்சூல்களாக மாற்றிவிட்டார்கள்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. இஞ்சித் தண்ணீரும் நார்த்தங்காய் ஊறுகாயும் அவள் வாய்க்கு இதமாக இருந்தன, கொடுத்தோம். இஞ்சிச் சாற்றைச் சுண்டக்காய்ச்சியும், சூரணமாகவும், மாத்திரையாகவும் கொடுக்கச் சிலர் சொன்னார்கள். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும் நாள்களில் அதெல்லாம் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதால் விட்டுவிட்டோம்.

இரண்டாம் சுற்றுக்கு முன் எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். முதல் பக்கத்தில் அவள் எடுக்கும் எல்லா மருந்துகளும், கேஸ் மாத்திரை உட்பட. அதன் கீழே சிவப்பு மையில் ‘மெட்டோகுளோப்ரமைடு போட வேண்டாம், டிஸ்டோனியா வந்தது’ என்ற வரி, அந்த இரவின் தேதி, நேர விவரங்களோடு. அடுத்த பக்கங்களில் நாள்வாரியாக என்ன கொடுத்தோம், எத்தனை முறை வாந்தி, மலம் போனதா, எவ்வளவு தூங்கினாள் என்பவை. மாத்திரை அட்டையைக் கத்தரிக்காமல் முழுதாகக் கேட்டு வாங்கினேன். கடைக்காரர் முகம் சுளித்தாலும் கொடுத்தார். எப்போது காத்திருக்கக் கூடாது என்பதைச் செவிலியர் சொல்லச் சொல்லப் பின்னட்டையில் எழுதிக்கொண்டேன்: ஒரு நாள் முழுக்க நீர் உள்ளே தங்காவிட்டால், மயங்கி விழுந்தால் அல்லது நெஞ்சு படபடத்தால், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால், வயிறு உப்பி மலமும் காற்றும் போகாவிட்டால், கழுத்தோ தாடையோ முறுக்கினால், நினைவு தடுமாறினால் உடனே மருத்துவமனை. இவற்றுள் சில வாந்தி மருந்தால் வருபவை, சில நோயால் வருபவை. எது எதனால் என்று வீட்டில் உட்கார்ந்து ஆராய வேண்டியதில்லை என்று அவர் அழுத்திச் சொன்னார்.

டிஸ்டோனியாவைப் பற்றி முறையாகத் தெரிவிக்கலாம் என்பதே எங்களுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய 2010ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் ஒரு தேசியத் திட்டம் நடக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துத்தர ஆணையம் அதை நடத்துகிறது. கட்டணமில்லா எண் 1800-180-3024. நோயாளியோ குடும்பத்தினரோ நேரடியாகத் தெரிவிக்கலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. நான் நோட்டைப் பார்த்துத் தேதி, நேரம், ஊசி, மீண்ட நேரம் எல்லாவற்றையும் நிரப்பினேன். நினைவிலிருந்து எழுதியிருந்தால் பாதிகூடச் சரியாக வந்திருக்காது.

நான்காம் சுற்றின் மூன்றாம் நாள் பக்கத்தில், தங்கையே தன் கையால் எழுதியிருக்கிறாள்: ‘காலை இரண்டு இட்லி. மதியம் ரசம் சாதம். வாந்தி இல்லை. பகல் தூக்கம் ஒரு மணி நேரம்.’ அடுத்த திங்கட்கிழமை முதல் பாக்ளிடாக்சல். அதற்கு வாந்தி குறைவு என்பதால், மருத்துவர் பழைய சீட்டை வாங்கி மேசையில் விரித்து வைத்து, நான்கு வரிகளில் மூன்றைப் பேனாவால் அடித்தார். மிஞ்சிய ஆண்டான்செட்ரானுக்குப் பக்கத்தில் ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்று மறுபடியும் எழுதி, ‘மட்டும்’ என்பதன் கீழே இரண்டு கோடு போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.